அவள் சொல்ல நான் எழுதியது

என் கையெழுத்து நன்றாக இருக்கும். பள்ளிக்கூடத்திலேயே கரும்பலகையில் எழுத என்னைத்தான் கூப்பிடுவார்கள். உங்கள் மேசையில் கிடக்கும் அந்தப் பச்சை அட்டை நோட்டைப் புரட்டிப் பாருங்கள், ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது. நோட்டு என் தங்கையுடையது. எழுத்து என்னுடையது. விஷயம் இவ்வளவுதான். நீங்கள் விவரமாகக் கேட்பதால் சொல்கிறேன்.

எங்கள் நடனக் குழுவில் ஆடுகிற எல்லோரும் நாட்குறிப்பு எழுத வேண்டும். மாஸ்டரின் ஏற்பாடு அது. நீங்கள் நிர்வாகத்தில் இருப்பவர், மாடியை விட்டு இறங்கி வந்து பார்த்திருக்க மாட்டீர்கள். கூடத்தில் யாரும் வலிக்கிறது என்று வாயைத் திறக்கக் கூடாது. ஒருத்தி சொன்னால் கொட்டாவி மாதிரி எல்லோருக்கும் தொற்றிக்கொள்ளும் என்பார். வலியோ தடுமாற்றமோ பயமோ, எதுவானாலும் நோட்டில் எழுத வேண்டும். வாரக் கடைசியில் நோட்டுகளை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்து, பக்கத்துக்குப் பக்கம் டிக் போடுவார். பதில் எழுத மாட்டார். அடுத்த வாரப் பயிற்சிதான் அவருடைய பதில். முழங்கால் வலிக்கிறது என்று எழுதியவளுக்குத் தரையில் உட்கார்ந்து செய்யும் பயிற்சியாக வரும். நல்ல ஏற்பாடு, இன்றைக்கும் அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

என் தங்கையை வீட்டில் வாலு என்போம். சும்மா சொல்லக் கூடாது, அவள் கால் தரையை விட்டு எழும்பினால் திரும்பி வர மனசில்லாமல்தான் வரும். ஆனால் எழுத்து அவளுக்கு ஜென்மப் பகை. எழுத்துகள் தாளில் நிற்காமல் ஓடுகின்றன என்பாள். சின்ன வயதில் அம்மா அதைச் சோம்பேறித்தனம் என்று அடித்தாள். அடிக்குப் பயந்து அவள் என்னிடம் வந்தாள், நான் அவளுக்கு வீட்டுப்பாடம் எழுதிக் கொடுத்தேன். அதிலிருந்து அவளுக்கு வேண்டிய எழுத்தெல்லாம் என் கையால்தான். எங்கள் வீட்டைத் தவிர வெளியே யாருக்கும் தெரியாது. அவள் மானத்தை நான் அத்தனை வருஷம் காப்பாற்றியிருக்கிறேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எனவே நாட்குறிப்பும் அப்படியே நடந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவள் சமையலறையில் பக்கெட் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு உட்காருவாள். நான் மேசையில் என் நோட்டையும் அவள் நோட்டையும் விரித்து வைப்பேன். மாஸ்டருக்குச் சந்தேகம் வராதபடி அவள் நோட்டில் மட்டும் எழுத்தைச் சாய்த்து எழுதுவேன்.

"இன்னிக்கு எப்படி இருந்துச்சு, சொல்லு."

"நல்லாதான் போச்சு. பசிக்குது."

"இதையா எழுதறது?"

"நீயே ஏதாவது போட்டுக்கக்கா. நீ எழுதினா அழகா இருக்கும்."

போட்டேன். 'இன்று மூச்சு முடிகிற இடத்தில் அசைவும் முடிவதை முதல்முறையாக உணர்ந்தேன்' என்று எழுதினேன். அவள் உணரவில்லை, நான்தான் உணர்ந்தேன். எனக்கு அது வாக்கியமாக வந்தது, அவளுக்கு உடம்பில் வந்தது. என் நோட்டில் எழுதியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எழுதினேன். அதே மாதிரி வாக்கியங்கள் என் நோட்டிலும் இருக்கின்றன, அதே டிக்கும் இருக்கிறது. ஆனால் ஒரு திங்கட்கிழமை மாஸ்டர் அவள் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோர் முன்னாலும் வாசித்தார்.

"இதுதான் நாட்குறிப்பு. ஆடறதோட நிக்காம யோசிக்கவும் செய்யுது இந்தப் பொண்ணு," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீ பக்கத்துலயேதான இருக்க? உன் தங்கச்சிகிட்ட கொஞ்சம் கத்துக்கோ" என்றார்.

வாலு தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கினாள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன், ரொம்ப நேரம்.

அந்த வருஷத்துப் புது நாட்டிய நாடகத்தில் தனி ஆட்டம் அவளுக்குப் போயிற்று. இவ்வளவு யோசிக்கிறவளுக்குத்தான் அது பொருந்தும் என்று மாஸ்டர் சொன்னதை நீங்கள் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். அவளுக்கு ஏதாவது ஆனால் இறங்கி ஆட ஒரு மாற்று ஆள் வேண்டும் இல்லையா, அதற்கு என்னைப் போட்டார்கள். கால் அவளுடையது, தலை என்னுடையது, மேடை மட்டும் முழுசாக அவளுக்கு. நீங்கள் பொறாமை என்று எழுதுகிறீர்கள், இங்கிருந்தே தெரிகிறது. அது சரியான சொல் இல்லை. எனக்குச் சேர வேண்டியது பாதி என்று நினைத்தேன், அதற்கு வேறு சொல் இருக்கும்.

ஒத்திகை சூடுபிடித்த சமயத்தில் அவள் சொன்னாள்.

"அக்கா, முழங்காலுக்குக் கீழ, உள்பக்கம், ஒரே இடத்துல குத்துது. விரல் வச்சாக்கூட உயிர் போகுது. எழுதிடு."

நான் தொட்டுப் பார்த்தேன். என் கட்டைவிரல் அளவுதான் இடம். எங்களுக்கு வகுப்பெடுக்க ஒருமுறை எலும்பு டாக்டர் வந்திருந்தார். தசை வலி பரவலாக இருக்கும், ஒரே புள்ளியில் எலும்பு வலித்தால் உடனே நிறுத்திவிட வேண்டும், அது விரிசலின் ஆரம்பம், தாவினால் முறிந்துவிடும் என்றார். வாலு அன்றைக்குப் பின் வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

அன்று அவள் நோட்டில் எழுதினேன்: 'தாவல்களில் இன்னும் உயரம் போதவில்லை. உடம்பு தயாராக இருக்கிறது, நான்தான் தயங்குகிறேன். கூடுதல் பயிற்சி வேண்டும்.'

இதில் பொய் என்று எதைக் காட்டுவீர்கள்? நாட்குறிப்பு என்பது வளர்வதற்காக எழுதுவது, புலம்புவதற்காக இல்லை என்று மாஸ்டரே சொல்லியிருக்கிறார். அவள் சொன்னதில் புலம்பலைக் கழித்துவிட்டு வளர்ச்சியை மட்டும் எழுதினேன். மாஸ்டர் படித்தார், டிக் போட்டார், அடுத்த வாரம் அவளுக்குத் தாவலைக் கூட்டினார்.

"கால் வலின்னு எழுதினியாக்கா?" என்று கேட்டாள்.

"எழுதினேன்."

"படிச்சாரா?"

"டிக் போட்டிருக்காரு, பாரு."

டிக் அவளால் படிக்க முடிந்த ஒன்று. அதை விரலால் தடவிப் பார்த்தாள்.

"படிச்சிட்டுமா தாவச் சொல்றாரு?"

"காரணம் இல்லாமச் சொல்வாரா? நீ பயப்படறியான்னு பாக்கறாரு போல."

வாலுவுக்குப் பயந்தாங்கொள்ளி என்று பேர் வாங்குவதைவிடச் சாவது மேல். மாஸ்டருக்குத் தெரியும் என்ற தைரியத்திலேயே அவள் தாவினாள். கூடத்தில் வாயைத் திறக்கவில்லை, அங்கே விதி அப்படி. நான் அவளைக் கவனிக்காமல் விட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. தினமும் ஐஸ் வைத்தேன், துணி சுற்றிக் கட்டிவிட்டேன். அந்த இடத்தைத் தினமும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். வர வர லேசாகத் தொட்டாலே கத்தினாள். சரியாகிக்கொண்டு வருகிறது, இப்படித்தான் இருக்கும் என்றேன். நான் சொன்னால் நம்புவாள், சின்ன வயதிலிருந்தே அப்படி.

முழு ஒத்திகையில் முறிந்தது. பென்சில் ஒடிகிற மாதிரிச் சத்தம். பாட்டு ஓடிக்கொண்டிருந்தும் எனக்குக் கேட்டது, ஒருவேளை நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்ததால் இருக்கலாம். விழுந்தவள் காலைப் பார்க்கவில்லை, மாஸ்டரைப் பார்த்தாள்.

"தெரிஞ்சும் ஏன் சார் விட்டீங்க?" என்றாள்.

"என்னம்மா தெரிஞ்சும்?" என்றார் அவர்.

அந்தக் களேபரத்தில் இரண்டு பேருக்கும் மற்றவர் சொன்னது புரியவில்லை. அதற்கப்புறம் அவள் அவர் முகத்தில் விழிக்க மறுத்தாள். வலியை மறைத்து நாடகத்தைக் கெடுத்தாள் என்று அவர் ஊரெல்லாம் சொன்னார். நான் யார் பக்கமும் சேரவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது நான்தான், அது உங்கள் பதிவிலேயே இருக்கும்.

முதல் காட்சியில் நான் ஆடினேன். ஒரு அடி தவறவில்லை. பத்திரிகையில் 'குறை சொல்ல ஏதுமில்லை' என்று எழுதியிருந்தார்கள். அந்த வரியைப் பலமுறை படித்தேன். அதில் பாராட்டு எங்கே இருக்கிறது என்று இன்னும் பிடிபடவில்லை.

மருத்துவமனையில் வாலுவுக்குப் பொழுது போகவில்லை. தலையணைக்கடியில் வைத்திருந்த நோட்டை எடுத்து நர்ஸிடம் கொடுத்திருக்கிறாள். எனக்குப் படிக்க வராது, முதல் முதலாக வலி வந்த நாளைப் படித்துக் காட்டுங்கள் என்றாளாம். எந்த அந்நியரிடமும் அவள் அதுவரை அதை ஒப்புக்கொண்டதில்லை. நர்ஸ் படித்திருக்கிறாள். இன்னொரு தடவை படிக்கச் சொல்லி வாலு கேட்டிருக்கிறாள். பிறகு நோட்டு முழுக்க. வலி என்கிற சொல் ஒரு பக்கத்திலும் இல்லை என்று தெரிந்தபிறகு சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாளாம். நான் போனபோதும் திரும்பவில்லை. எனக்கு வருத்தமாக இருந்தது. அந்த வாக்கியங்களில் சில உண்மையிலேயே நல்ல வாக்கியங்கள், அவள் காதில் அவை இப்படி விழுந்திருக்க வேண்டாம்.

இனிமேல் தாவ முடியாது, நடக்கலாம் என்கிறார்கள். சரி, உங்களுக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். எலும்பு முறியும் என்று தெரியும். தெரிந்துதான் எழுதினேன். முறிய வேண்டும் என்றுதான் எழுதினேன். மாஸ்டர் மேல் தவறில்லை, அவர் படித்ததை நம்பினார். இதில் கையெழுத்துப் போடுகிறேன்.

அடுத்து அவளிடமும் வாக்குமூலம் வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். எழுதிக் கொடு என்றால் பாவம், திணறிப்போவாள். வேறு யாராவது எழுதினால் அவள் பேசுவதில் பாதி பிடிபடாது. சக்கர நாற்காலியில் இங்கேயே கூட்டிக்கொண்டு வாருங்கள். அவள் சொல்லட்டும், நான் எழுதித் தருகிறேன். அவள் மனசில் இருப்பதை எழுத என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?