பாடுறவன் வராத ஆல்பம்

வெள்ளவத்தையில் ரயில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்குப் பக்கத்தில் நின்றார்கள். ஒரே இயர்போன், ஆளுக்கொரு காது.

“இதில பாடுறவன் எப்பயடி வருவான்?” என்றாள் ஒருத்தி, காத்திருந்து களைத்தவள்போல.

“வரமாட்டான். இந்த பேண்டின்ர மூண்டு ஆல்பத்திலயும் ஆரும் பாடுறேல்ல. கிட்டாரும் ட்ரம்ஸும்தான். ஒண்டில தையல் மெசினையே தாளமாப் போட்டிருக்கிறாங்கள்.”

“பிறகு என்னத்தைக் கேக்கிறாய்?”

“கதைக்காமல் கேள். மெல்ல மெல்ல ஏறும்.”

பம்பலப்பிட்டி கடந்தது. கேள்வி கேட்டவள் கண்ணை மூடியிருந்தாள்.

“கொள்ளுப்பிட்டி வந்திட்டுது. உன்ர ஒஃபிஸ், இறங்கு!”

அவள் அசையவில்லை. ரயில் புறப்பட்டுவிட்டது.

“ஐயோ, உனக்கு லேட்டாகப் போகுதடி!”

“கொம்பனித்தெருவில இறங்கித் திரும்பிப் போறன். இப்ப மட்டும் ஆரும் வந்து பாடினானெண்டா, அடிப்பன்.”