சிலை கேட்ட சமாதானம்

பெனடிக்ற்: ...பொறுங்கோ அத்தான், பொறுங்கோ! இந்தக் கதவு திறக்க அந்த ரோமாபுரிப் பூசாரி வருவான். அது நீங்கள்தானே?

யேசுரட்ணம்: ம்.

பெனடிக்ற்: இசபெல் அக்கா! ரோல்ஸ் சுத்தினது காணும், ஓடி வாங்கோ! உங்கட மனுசன் என்ர கொம்பியூட்டருக்குள்ள லத்தீன் கதைக்கப்போறார்!

இசபெல்: நான் வரேல்லை. கையெல்லாம் மா. அந்தக் கேமை நிப்பாட்டிப்போட்டு ரெண்டு பேரும் சாப்பிட வாங்கோ.

பெனடிக்ற்: என்னக்கா நீங்கள்! நாளைக்குப் பூசை முடியச் செபமாலைமுத்து அண்ணை தன்ர கொம்பியூட்டரைக் கோயில் மண்டபத்துக்குக் காவிக்கொண்டு வாறார். லண்டன் டூட்டிங்கில இருக்கிற எங்கட சனம் முழுக்க அத்தானின்ர குரலைக் கேக்க வருது. மைத்துனன் நான், ஒரு நாள் முந்திக் கேக்கக் கூடாதே? இந்தா... திறந்திட்டுது... அத்தான்?

யேசுரட்ணம்: என்ன?

பெனடிக்ற்: இது உங்கட குரல் மாதிரி இல்லையே. வெள்ளைக்காரன் ஒருத்தன் தடிமனோட கதைக்கிற மாதிரி எல்லே கிடக்கு?

யேசுரட்ணம்: அது... மிசினில போட்டு மாத்துவாங்கள்.

பெனடிக்ற்: இவ்வளவுக்கோ? ஆளையே மாத்திப்போட்டாங்களே! அத்தான், என்ர முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ.

யேசுரட்ணம்: நிப்பாட்டடா உதை! அது நானில்லை. அந்தக் கழுதைக் கத்தலுக்கு நான் பேர் குடுக்க மாட்டன். நான் வெளிநடப்புச் செய்தனான்.

இசபெல்: ம்க்கும்.

யேசுரட்ணம்: என்ன அங்க செருமல்?

இசபெல்: மிளகாய்த்தூள் ஏறிட்டுது.

பெனடிக்ற்: வெளிநடப்போ! அப்ப நத்தாருக்குக் கோயில் வாசலில நிண்டு, "அந்தக் கேமில வாற லத்தீன் முழுக்க நான்தான்" எண்டு சொன்னது ஆர்? மெற்றில்டா அக்காவுக்குக் குனிஞ்சு கையைக் கூடக் குடுத்தனீங்கள், பெரிய நடிகர் மாதிரி.

யேசுரட்ணம்: அப்ப ஆரடா கண்டது, இது கடைக்கு வருமெண்டு?

பெனடிக்ற்: இது தொண்ணூற்றாறாம் ஆண்டு அத்தான். சனம் சீடியைப் போட்டுக் கேக்கும். முந்தி மாதிரிப் புழுகிப்போட்டுத் தப்பேலாது. நாளைக்குச் செபமாலைமுத்து அண்ணை உங்களை வைச்சுக் கிழிக்கப்போறார்.

யேசுரட்ணம்: அவன் கிழிப்பான். பாடகர் குழுவில அவன்ர லத்தீனை எத்தினை தரம் திருத்தினனான்... பாத்துக்கொண்டெல்லே இருக்கிறான்.

பெனடிக்ற்: சரி, என்னத்துக்கு வெளிநடப்பு? அதையாவது சொல்லுங்கோ, நாளைக்குப் பக்கத்தில நிண்டு முண்டு குடுக்கிறன்.

யேசுரட்ணம்: கேள். நான் யாழ்ப்பாணத்தில குருமடத்தில இருந்து லத்தீன் படிச்சவன். ஸ்ட்ரெதத்தில கம்பளக் கடைக்கு மேல ஒரு ஸ்ரூடியோ. பழைய லத்தீன் தெரிஞ்ச ஆள் வேணுமெண்டு எங்கட பாதரைக் கேட்டிருக்கிறாங்கள். அவருக்குத் தெரிஞ்ச ஒரே லத்தீன் ஆமென். அதுவும் லத்தீன் இல்லை. பாவம், என்னை அனுப்பினார்.

பெனடிக்ற்: போனியள்...

யேசுரட்ணம்: போனா, அங்க ஒரு பெடியன். காதில தோடு, காலில சப்பாத்துக்கு நாடா இல்லை. யூனிவர்சிட்டியில படிப்பிக்கிறானாம். உச்சரிப்பு ஆலோசகராம்! கேமுக்கு உச்சரிப்பு ஆலோசகர்! "சேர், சமாதானத்துக்கு லத்தீனில என்ன?" எண்டான். பாச்செம் எண்டன். ஞானஸ்நானம் எடுத்த நாளில இருந்து காதில விழுந்த சொல்லு. அவன் சிரிக்கிறான். பாச்செம் இல்லையாம். பாக்கெமாம்!

பெனடிக்ற்: பாக்கெமோ? வெத்திலையும் வேணுமாமோ?

யேசுரட்ணம்: பகிடி விடாதை. சமாதானமடா அது! அதைக் கொண்டுபோய்க் கொட்டைப்பாக்கு மாதிரி வாயில போட்டுக் கடிக்கிறான். "ரோமர் அப்பிடித்தான் சொன்னவை" எண்டான். நீ என்ன, ரோமரோட பஸ்ஸில போனனியோ எண்டு கேட்டன்.

பெனடிக்ற்: அதுக்கு?

யேசுரட்ணம்: அந்தக் காலத்து ஆக்கள் கல்லில விட்ட எழுத்துப்பிழைகளை வைச்சுக் கண்டுபிடிச்சவையாம். கேட்டியே? பிழை விட்டவனிட்டைப் போய்ச் சரி படிக்கினம்! நான் சொன்னன், தம்பி, யேசுவைச் சிலுவையில அறைஞ்சவனின்ர லத்தீன் உனக்கு வேணும், அவரைக் கும்பிட்டவனின்ர லத்தீன் வேண்டாம், அப்பிடியோ எண்டு.

பெனடிக்ற்: நல்லாக் குடுத்தியள். ஆனா அத்தான்... கேம் நடக்கிறது ரோமர் காலத்தில எல்லே. ஒரு கணக்குக்கு அவன் சொல்லுறதும்...

யேசுரட்ணம்: பொத்தடா வாயை! அந்தக் கேமில ரோமாபுரிப் படைவீரன் தக்காளிப்பழம் தின்னுறான். அமெரிக்காவைக் கண்டுபிடிக்க முதல் தக்காளி! அதுக்கொரு ஆலோசகரும் இல்லை. செத்தவன் மூண்டு தரம் எழும்பி ஓடுறான். அதெல்லாம் சரியாம். என்ர பாச்செம்தான் பிழையாம்!

இசபெல்: அந்த வீத்தாக் கதையையும் சொல்லுங்கோவன்.

யேசுரட்ணம்: அது... அது உமக்கு எப்பிடித் தெரியும்?

இசபெல்: நித்திரையில புலம்புறனீங்கள்.

பெனடிக்ற்: அதென்ன வீத்தா?

யேசுரட்ணம்: சீவியம். லத்தீனில வீத்தா. அதையும் வீத்தா எண்டு சொல்லக் கூடாதாம். வீத்தா எண்டு சொல்லோணுமாம்.

பெனடிக்ற்: ரெண்டும் ஒண்டுதானே?

யேசுரட்ணம்: எப்பிடியடா ஒண்டு? ஒண்டு பல்லு உதட்டில முட்டுறது. மற்றது உதட்டைக் குவிக்கிறது.

பெனடிக்ற்: திருப்பிச் சொல்லுங்கோ.

யேசுரட்ணம்: வீத்தா... வீத்தா.

பெனடிக்ற்: அத்தான், சத்தியமா ஒண்டுதான்.

யேசுரட்ணம்: அந்தப் பெடியனும் அப்பிடித்தான் சொன்னவன். செவிடுகள்! விடு. விளையாட்டை விளையாடு.

பெனடிக்ற்: விளையாடுறன்... இந்தச் சிங்கத்தை வெட்டினா... ஐயையோ! செத்திட்டன்.

இசபெல்: நிப்பாட்டு பெனடிக்ற், சாப்பாடு ஆறுது!

பெனடிக்ற்: பொறுங்கோக்கா. செத்தா ஒரு பெண் தெய்வத்தின்ர சிலை வந்து கதைக்குமாம்... சத்தம் போடாதையுங்கோ... அம்மாடி! அத்தான், கேட்டியளே? என்ன குரல்! எனக்கு மயிர்க்கூச்செறியுது!

யேசுரட்ணம்: உதொரு குரலோ? பாசையூர்ச் சந்தையில மீன் கூவுறவளின்ர தொண்டை.

பெனடிக்ற்: அத்தான், நாங்களும் பாசையூர்தான்.

இசபெல்: விடு பெனடிக்ற், சொல்லட்டும். அப்பிடி என்ன பிழையைக் கண்டுபோட்டியள்?

யேசுரட்ணம்: என்ன பிழையோ? கடைசிச் சொல்லைக் கேக்கேல்லையே? பாக்கெமாம்! நல்லாப் பூசை கண்டு வளந்த தொண்டை அது, கேக்கவே தெரியுது. அது போய் அந்தத் தோட்டுக்காரன்ர சொல்லைச் சொல்லுது. வெக்கம் கெட்ட சென்மம்!

இசபெல்: அப்பிடித்தான் சொல்லோணும் எண்டு நிண்டிருப்பாங்கள்.

யேசுரட்ணம்: நிண்டா? சொல்லுறதோ? ஒரு மானரோசம் இல்லையோ?

இசபெல்: மானரோசம் இருந்தபடியாத்தான் சொன்னாவோ என்னவோ. உங்களுக்கென்ன தெரியும்?

பெனடிக்ற்: அக்கா, நீங்கள் ஏன் சூடாகிறியள்? அத்தான், சொல்லு கிடக்கட்டும், குரல் நல்லமெண்டாவது ஒத்துக்கொள்ளுங்கோவன். இன்னொருக்காச் சாகட்டே?

யேசுரட்ணம்: சாகாதை!

இசபெல்: சாகாதை!

பெனடிக்ற்: கலியாணம் கட்டின நாளில இருந்து இண்டைக்குத்தான் ரெண்டு பேரும் ஒரே நேரத்தில ஒரே சொல்லைச் சொல்லுறியள். சரி, நான் போய் என்ர மனுசி கத்தரினை ஏத்திக்கொண்டு வாறன், ஷிப்ட் முடிஞ்சிருக்கும். மழை வேற... அத்தான், உங்கட புதுக் குடையைக் கொண்டுபோகட்டே?

யேசுரட்ணம்: கொண்டுபோ. எங்கயாவது மறந்து விட்டிட்டு வந்திடாதை.

பெனடிக்ற்: உங்களை மாதிரியே? வாறன் அக்கா!

இசபெல்: ...போட்டான். இனி இருந்து யோசியுங்கோ. நாளைக்குச் சனத்துக்கு என்ன சொல்லப்போறியள்?

யேசுரட்ணம்: வெளிநடப்பு எண்டுதான்.

இசபெல்: செபமாலைமுத்து அண்ணை நம்புவாரே?

யேசுரட்ணம்: நம்பாட்டிப் போறான்... இல்லை, அவன் விடமாட்டான். சனத்துக்கு முன்னால நோண்டுவான். நான் இனி அந்தக் கோயில் பக்கம் தலை காட்டேலாது இசபெல். உண்மையாத்தான் சொல்லுறன். லத்தீன் ஒண்டுதான் எனக்கு இஞ்ச கிடந்த மரியாதை. வேலையில என்னை ஜெஸ்ஸி எண்டு கூப்பிடுறாங்கள். கோயிலில மட்டும்தான் மாஸ்ரர் எண்டு கூப்பிடுறது.

இசபெல்: இஞ்சாருங்கோ... ஒண்டு சொன்னாக் கோவிக்க மாட்டியளே?

யேசுரட்ணம்: சொல்லும்.

இசபெல்: நீங்கள் வெளிநடப்புச் செய்யேல்லை. அண்டைக்கு உங்களோட வந்து, கம்பளக் கடைப் படியில நான் இருந்தனான் எல்லே? மேல கதவு திறந்து கிடந்தது. வீத்தா, வீத்தா எண்டு நீங்கள் திருப்பித் திருப்பிச் சொல்ல, அவங்கள் இன்னொருக்கா, இன்னொருக்கா எண்டு... பிறகு "போதும் சேர், தாங்க்ஸ்" எண்டு சொல்லி உங்கட கோட்டை எடுத்து உங்கட கையில தந்தாங்கள். கீழ வந்து என்ர முகத்தைக் கூடப் பாக்கேல்லை. "நீர் போய்ச் சாமானை வாங்கும், நான் பஸ்ஸில போறன்" எண்டு போட்டியள். எனக்கு எப்பிடி இருந்தது தெரியுமே?

யேசுரட்ணம்: நீர் சாமான் வாங்கத்தானே போனனீர்?

இசபெல்: போகேல்லை. அந்தத் தோட்டுக்காரப் பெடியன் சிகரட் பத்த இறங்கி வந்தவன். "நீங்களும் லத்தீன் பூசை கண்டனீங்களோ?" எண்டு கேட்டான். நான்... எழும்பி மேல போனன். உங்களைக் கோட்டைக் குடுத்து அனுப்பிப்போட்டு, அந்த வீட்டில ஒருத்தருக்கும் ஏலாது எண்டு அவங்கள் நினைக்கக் கூடாதெண்டுதான். என்ர வசனத்தில வீத்தா வரேல்லை, தப்பிட்டன். உங்களிட்டைச் சொல்லப் பயமாக் கிடந்தது. இவ்வளவு நேரமும் மீன்காரி, வெக்கம் கெட்டவள் எண்டு நீங்கள் பேசினது ஆரை எண்டு தெரியாமல்...

யேசுரட்ணம்: ஆர் சொன்னது தெரியாதெண்டு?

இசபெல்: என்ன?

யேசுரட்ணம்: பஸ் வர, குடையை மேல விட்டிட்டன் எண்டு திரும்பி வந்தனான். கதவுக்கு வெளியில நிண்டு முழுக்கக் கேட்டனான், இசபெல். முதல் தரம் நீர் பாச்செம் எண்டுதான் சொன்னனீர். என்ன குரலடி அது... குடையையும் எடுக்காமல் அப்பிடியே நிண்டனான். பிறகு அவன் திருத்தினான். நான் ஒரு பின்னேரம் முழுக்கச் சண்டை பிடிச்ச சொல்லை, நீர் ஒரு மறுப்பும் சொல்லாமல் பாக்கெம் எண்டு சொன்னனீர்! ஆறு மாசமா அதுதான் நெஞ்சுக்குள்ள கிடந்து குத்துது. நாளைக்கு மண்டபத்தில நானே எழும்பி, அந்தச் சிலை என்ர மனுசிதான் எண்டு சொல்லுவன். செபமாலைமுத்து எரிஞ்சு சாம்பலாப் போகட்டும். ஆனா பூசைக்கு முதல் நீர் போய் அந்தப் பாக்கெமுக்கு ஒரு பாவசங்கீர்த்தனம் செய்துபோட்டு வாரும்.