ஒரு மூடி போதும்

அன்று மாலை கூடத்தில் இருந்தவர்கள்: அக்கா, அத்தான், அவர்களுடைய கைக்குழந்தை, நான். தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது, யாரும் பார்க்கவில்லை.

மில்லிலிட்டர் என்றால் பலருக்குப் புரிவதில்லை. குறையாகச் சொல்லவில்லை. அழுகிற குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கோடு பார்த்து அளக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? மருந்துக் கம்பெனியில் விளம்பரம் எழுதுவது என் வேலை. குழந்தைகளுக்கான இருமல் மருந்து லேபிளில் இருந்த அளவை எடுத்துவிட்டு, ‘ஒரு மூடி போதும்’ என்று போட்டது நான்தான். அப்போது அது சரியான அளவு. விற்பனை ஏறியது.

பிறகு புட்டியின் வாயை அகலமாக்கினார்கள். மூடியும் பெரிதானது. பேக்கிங் பிரிவு மேஸ்திரி மாடியேறி வந்து புது மூடியை என் மேசைமேல் வைத்தார்.

“இதுல மூணு பங்கு பிடிக்குது சார். குழந்தைங்க மருந்து.”

பார்க்கிறேன் என்றேன். அவர் போன பிறகு அதை மேசையில் உருட்டிக்கொண்டே இருந்தேன். மூடியில் மூன்றில் ஒரு பங்கு என்று எழுதினால் அசிங்கமாக இருக்கும். மாற்றவில்லை. புட்டிகள் சீக்கிரம் தீர்ந்தன. பிள்ளைகள் நன்றாகத் தூங்குவதாகத் தாய்மார்கள் பாராட்டினார்கள்.

அன்று மாலை குழந்தைக்கு இருமல். அக்கா அந்த மருந்தையே எடுத்து மூடியை விளிம்புவரை நிரப்பினாள்.

“தம்பி எழுதினா மரமண்டைக்கும் புரியும்.”

“அதான் உனக்கே புரிஞ்சிருக்கு” என்றார் அத்தான்.

எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன், திரும்பி வந்து உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். சொன்னால் ஏன் என்று கேட்பாள். அத்தான் ஓட்டைவாய், விடிவதற்குள் தெருவே பேசும். தவிர, ஊரார் பிள்ளைக்கு ஓர் அளவு, எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஓர் அளவு என்று பாரபட்சம் பார்ப்பது நேர்மையாகப் படவில்லை.

படுக்கப் போகுமுன் இன்னொரு மூடி கொடுத்தாள். காலையில் குழந்தை எழுந்திருக்கவில்லை.

மேஸ்திரிதான் மூடியோடு போலீசுக்குப் போனார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

நேற்று அக்கா இங்கே வந்தாள். உனக்கு முன்னாடியே தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றேன். மேசையில் இருந்த டம்ளரை எடுத்து, கொடுக்க வேண்டியது இவ்வளவு, நீ கொடுத்தது இவ்வளவு என்று விரல் வைத்துக் காட்டினேன்.

“நான் ஊத்தும்போது எதிர்லதானே உட்கார்ந்திருந்தே?”

ஆமாம் என்றேன்.

அதன்பிறகு அவள் ஒன்றும் கேட்கவில்லை. அழவும் இல்லை. புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன். எதையும் சிக்கலில்லாமல் சொன்னால் மனிதர்கள் ஏற்றுக்கொள்வார்கள். அடுத்த முறை வரும்போது மாற்றுத்துணி கொண்டுவரச் சொன்னேன். அவள் திரும்பிப் பார்க்காமல் வெளியேறினாள். காவலர் அவளுக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினார்.