மூணாவது ஓலை

தங்கச்சிமடத்தில் ஒரு தாயும் மகளும் பஸ் ஏறி என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். மகளுக்குக் கல்யாணம். மாதா கோயிலில் இரண்டு முறை கல்யாண ஓலை வாசித்து ஊருக்கு அறிவித்தாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை மூன்றாவதாம்.

"பாட்டுக்குழுவுல டிரம்ஸ் அடிச்சது போதுமாம். ஒன் மாமியா சொல்லிட்டாக."

மகள் போனை நீட்டினாள்.

"இங்கன பாரும்மா. ஜப்பான்காரிக, பொம்பளைக மட்டும் சேந்த பேண்டு. ஒன் கல்யாணத்துக்கு முந்தி ஆரம்பிச்சது, இன்னும் குதிக்கிறாக."

"இந்த வயசுலயா? வீட்டுல யாரு சோறு பொங்குறது?"

"அவுக பாட்டுலயே பாதி சோறு, பலகாரத்தப் பத்தித்தாம்மா."

"நீ ஜப்பான்ல பொறக்கலடி."

"சரி. கல்யாணத்துக்குத் தடை இருந்தா சொல்லுங்கன்னு சாமியார் ஓலை வாசிக்கையில கேப்பாருல்ல? நானே எந்திரிச்சுச் சொல்லிருதேன்."

"அடிப்பாவி!"

பாம்பன் பாலம் தாண்டியதும் தாய் போனை எடுத்தாள். மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் போட்டாள்.

"சம்பந்தி, சீர்ல ஒரு சாமான் கூடுது. கட்டில், பீரோவோட டிரம்ஸும் வருது. வேணாமா? சீரைத் திருப்பி அனுப்புனா ஊரு ஒங்களத்தான பேசும்?"

மகள் சீட்டுக் கம்பியில் இரண்டு கையாலும் தாளம் போட ஆரம்பித்தாள்.

தாய் போனைப் பொத்திக்கொண்டு சொன்னாள்:

"மெதுவா அடிடி, அவுக இன்னும் சரின்னு சொல்லல."