மின்பலகைக்கு ரைட் கொடுக்கும் முன்

நம் எல்லோரையும் வாய் திறக்க வைத்துவிட்டு ஒரு வார்த்தைகூடப் பேச விடாத பல் மருத்துவரும், இந்தக் குடியிருப்போர் சங்கத்தின் தலைவருமான பெருமதிப்பிற்குரிய ஐயா அவர்களே! நாற்காலி கிடைத்ததால் பெரியோர்களாகவும் கிடைக்காததால் இளைஞர்களாகவும் ஆகிவிட்ட சான்றோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற ஐயத்தோடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! துணி எடுப்பதுபோல் பால்கனியில் நின்றபடி ஒரு சொல்லையும் தவறவிடாத சகோதரிகளே! எல்லோருக்கும் மேலே, நான்காம் மாடியில், கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்டக்டரம்மா அவர்களே! இந்த அந்தி வெளிச்சத்தில் உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

ஒலிபெருக்கி இல்லை. மின்சாரத்தைப் போற்றும் விழாவில் மின்சாரம் இல்லை. பழைய இணைப்பைக் காலையில் துண்டித்துவிட்டார்கள்; தலைவர் புதிய மின்பலகையின் கைப்பிடியை மேலே தள்ளும்வரை புதியது வராது. செயலாளர் என்ற முறையில் அதுவரை பேசிக்கொண்டிருக்கும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். (பின்வரிசையில் பெருமூச்சு கேட்கிறது. நன்றி.)

ஆனால் அன்பர்களே, ஒரு நாள் முழுக்க மின்விசிறி நின்றதில் எனக்கு ஒரு லாபம். இந்தக் கட்டடம் மூச்சு விடுவதை இன்றுதான் கேட்டேன். எங்கோ குழாய் சொட்டுகிறது. ஒரு குழந்தை கரண்டியால் தட்டைத் தட்டுகிறது. இருள் படியேறி வருகிறது, பாருங்கள்: தரைத்தளம் மறைந்துவிட்டது, முதல் மாடி மங்குகிறது. கடைசி வெளிச்சம் நான்காம் மாடியில் நிற்கிறது. இறங்கி வர மனமில்லாமலா, இறங்கி வர முடியாமலா? அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

மாடிப்படிக்கு அடியில் இருந்ததே ஒரு மெயின் போர்டு, அதை மறக்க முடியுமா? ஃபியூஸ் போனால் கம்பி கட்டினோம். கம்பி எரிந்தால் தடித்த கம்பி கட்டினோம். தடித்ததும் எரிந்தபோது கம்பி விற்ற கடைக்காரரைத் திட்டினோமே தவிர நம்மைத் திட்டிக்கொண்டோமா? தண்ணீர் மோட்டார் ஓடும்போது வீட்டு விளக்குகள் எல்லாம் உறக்கம் வந்த குழந்தையின் கண்களைப் போலச் சொக்கும். நாம் அதை அழகு என்று நினைத்தோம். மின் ஆய்வாளர் அதற்கு வேறு பெயர் சொன்னார்.

விதிப்படி எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்றார். ஈரமில்லாத சுவர் வேண்டும். எர்த் கம்பி வேண்டும். கசிவு வந்தால் தானே அணையும் சுவிட்ச் வேண்டும். போர்டுக்கு முன்னால் ஓர் ஆள் நின்று வேலை பார்க்கக் காலி இடம் வேண்டும். காலி இடம்! நம் கட்டடத்தில்! அந்த இடத்தில் அச்சக அண்ணனின் காகிதக் கட்டுகள், தலைவரிடம் ஓய்வு பெற்ற பல் நாற்காலி, சக்கரமில்லாத சைக்கிள்கள். எரியக் காத்திருக்கும் பொருளுக்கும் எரிக்கக் காத்திருக்கும் பொருளுக்கும் நடுவே இடைவெளியே இல்லாத நல்லுறவை நாம் வளர்த்து வைத்திருந்தோம்.

பிறகு வந்தார் பொறியாளர் அம்மா. அதோ, கதவோரம் நிற்கிறார். வீடு வீடாகப் போய் இரண்டே கேள்விகள் கேட்டார். இன்றைக்கு என்னென்ன ஓடுகிறது? நாளைக்கு என்னென்ன வேண்டும்?

முதல் கேள்விக்குப் பாதி உண்மை சொன்னோம். இரண்டாவது கேள்விக்கு எல்லாக் கதவுகளிலும் ஒரே பதில்: ஒன்றும் வேண்டாம். வாயைத் திறந்தால் கட்டணம் ஏறும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அந்தப் பொறியாளர் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கேட்டார்:

“ஏன் சார், இங்க எல்லாரும் நாளைக்குக் காலையில துறவறம் போறாங்களா?”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“இந்த போர்டை ஒரு தடவை மாட்டினா, உங்க பிள்ளைங்க பிள்ளை பெத்துக்கிற வரைக்கும் இதுதான். இப்ப சொல்லாததுக்கு அப்புறம் இடம் இருக்காது.”

இந்தச் செய்தி பரவிய மறுநாள் மாலை, இதே முற்றத்தில் கூட்டம். அந்த மாலையை என்னவென்று சொல்வேன்! கிலோவாட் கணக்கில் கனவு கண்டோம். சமைக்கவே தெரியாத தம்பி ஓவன் வேண்டும் என்றார். மூன்றாம் மாடி மருமகள், எல்லோரும் குளித்து முடித்த பிறகும் சூடாக வரும் தண்ணீர் கேட்டார். வரைபடம் வரைந்து ஓய்வுபெற்ற பெரியவர், அறை முழுக்க நீல வெளிச்சம் பரவும்படி ஒரு தொட்டி கேட்டார். மீன் வேண்டாமாம், வெளிச்சம் போதுமாம். பக்கத்து வீட்டில் ஒரு ஏசி என்றால் இந்த வீட்டில் இரண்டு. பொறியாளர் ஒன்றையும் கேலி செய்யாமல் கூட்டிக்கொண்டே போனார். கடைசியில் கேட்டார்: “லிஃப்ட்?”

கூட்டத்தின் சூடு இறங்கிவிட்டது. படியேறுவது உடம்புக்கு நல்லது என்றார் முதல் மாடிக்காரர் ஒருவர். ஏறுவதற்குப் பத்துப் படி உள்ளவருக்கு அந்த ஞானம் எளிது. தரைத்தள அச்சக அண்ணன் எழுந்தார்.

“எனக்கு எதுக்குங்க லிஃப்ட்? தரையில இருந்து தரைக்குப் போகவா? படிக்கு அடியில இருந்து துரத்தினீங்க. இப்ப லிஃப்ட்டுக்குன்னு, கட்டை எல்லாம் மாத்தி வச்ச முற்றத்து மூலையையும் கேக்கறீங்க. காகிதத்தை எல்லாம் தலையில வச்சுக்கிட்டுத் திரியவா?”

(அண்ணன் முறைக்கிறார். சொன்னதைத்தானே சொல்கிறேன் அண்ணா!)

நியாயம்தானே என்று தோன்றியது. லிஃப்ட் இல்லை என்று முடித்துக்கொள்ளலாமா என்று தலைவர் கேட்டார். பாதிக் கைகள் உயர்ந்துவிட்டன. அப்போது மேலிருந்து ஒரு குரல்:

“ஹோல்டான்! இன்னும் ஒரு ஆள் ஏறல.”

பஸ்ஸில் அந்தக் குரலைக் கேட்டால் நாம் என்ன செய்வோம்? யார் அந்த ஆள் என்று சுற்றிப் பார்ப்போம். அதையே செய்தோம். முற்றத்தைப் பார்த்தோம், வாசலைப் பார்த்தோம். கடைசியாகத்தான் மேலே பார்த்தோம்.

கண்டக்டரம்மா பஸ்ஸில் நின்று நின்றே முட்டி தேய்ந்தவர். படியில் ஒரு கால் வைத்த ஆளை விட்டுவிட்டு ஒருநாளும் ரைட் கொடுத்ததில்லை என்பார். பெருமழை பெய்த அந்த ஆண்டுக்குப் பிறகு அவர் கீழே வரவில்லை. காலையில் கயிற்றில் ஒரு வாளி இறங்கும், காயும் பாலும் ஏறும். பொறியாளர் அவர் வீட்டிலும் கேட்டிருக்கிறார். கயிறு இருக்கு, வாளி இருக்கு, வேறென்ன வேண்டும் என்றாராம். கீழே வந்தால் முதலில் எங்கே போவீர்கள் என்றதற்கு மட்டும் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாராம்:

“எங்கயும் போக வேணாம்மா. தெருவுல நின்னு ஒரு பஸ் போறதைப் பக்கத்துல பாக்கணும். இங்கிருந்து பாத்தா கூரைதான் தெரியுது.”

அந்த வாளியில் தினமும் காய் வைத்துக் கயிற்றை முடிந்துவிடும் கை யாருடையது? அச்சக அண்ணனுடையது. அன்று அவர்தான் அண்ணாந்து பார்த்துக் கேட்டார்:

“அக்கா, உனக்கு வேணுங்கிறதை எல்லாம் நான் அனுப்புறேன்ல?”

“அனுப்புற தம்பி. இல்லைன்னு சொல்லல. ஆனா அந்த வாளியில நான் உக்கார முடியாது.”

அன்பர்களே, மேலே போன கைகள் தாமாகவே இறங்கின. அண்ணன் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, யாரிடமோ கோபித்துக்கொள்வதுபோலச் சொன்னார்: “காகிதத்தை நான் வீட்டுக்குள்ள வச்சுக்கறேன். லிஃப்ட்டையும் சேத்துக்கங்கம்மா.”

இன்று அவர் வீட்டுக் கூடத்தில் காகிதம் உறங்குகிறது. அண்ணன் வராந்தாவில் உறங்குகிறார். அதில் அண்ணியின் பங்கு என்ன என்று நான் விசாரிக்கவில்லை. அண்ணி முன்வரிசையிலேயே இருக்கிறார்.

விதி என்கிறோம், ஆய்வாளர் என்கிறோம், தொல்லை என்கிறோம். விதி என்பது என்ன? ரைட் கொடுப்பதற்கு முன் ஒருமுறை திரும்பிப் பார்ப்பது! நாளை அந்தப் போர்டைத் தொடப்போகும் முகம் தெரியாத கைக்காக இன்று எர்த் போடுவது! ஓர் ஆள் நிற்க இடம் விடுவது, ஓர் ஆள் ஏற இடம் விடுவது! ஏறியவர்களை எண்ணுவதா கணக்கு? ஏறாதவரைத் தேடுவதல்லவா கணக்கு!

புதிய போர்டைத் திறந்து பாருங்கள். வேண்டாம், திறக்காதீர்கள், பொறியாளர் பார்க்கிறார். அதில் கீழ்வரிசையில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. அங்கிருந்து ஒரு குழாய் சுவரோடு ஏறி நான்காம் மாடியில் முடிகிறது. உள்ளே கம்பி உண்டு. லிஃப்ட் இன்னும் இல்லை. அதன் நிறம், கதவு, கண்ணாடி பற்றிய சண்டைகளைச் சங்கம் இனிமேல் முறைப்படி நடத்தும். ஆனால் இடம் இருக்கிறது. கனவுக்கு இடம் ஒதுக்கியாகிவிட்டது. அதை இனி யாரும் காகிதம் வைத்து அடைக்க முடியாது.

வியர்வையோடு பொறுமை காத்த உங்களுக்கும், மூலையைக் கொடுத்த அண்ணனுக்கும், எங்கள் ஆசைகளைச் சிரிக்காமல் கூட்டிய பொறியாளருக்கும் நன்றி கூறி, இருட்டில் முகம் தெரியாவிட்டாலும் இன்னும் எழுந்து போகாதவர்களை நன்றாக அடையாளம் வைத்துக்கொண்டு, வணக்கம் சொல்லி அமர்கிறேன்.

அமர்வதற்கு முன் ஒன்று. கைப்பிடியை எப்போது தள்ளுவது என்பதைக் கண்டக்டரம்மாதான் சொல்ல வேண்டும் என்று சங்கம் முடிவு செய்திருக்கிறது. பெட்டியிலிருந்து பழைய விசிலை எடுத்து வைத்திருக்கிறார். காலையில் போய்க் கேட்டபோது ஒரு நிபந்தனையோடுதான் ஒப்புக்கொண்டார்.

“இது போர்டுக்கு ஊதற விசில். லிஃப்ட்டுக்கு ஊதறதுன்னா நான் தெருவுல நின்னுதான் ஊதுவேன்.”

அப்படியே ஆகட்டும் அம்மா. தலைவர் ஐயா, கைப்பிடியில் கை வையுங்கள். ஒரு விசில் என்றால் நில், இரண்டு என்றால் கிளம்பு. இங்கே எல்லோருக்கும் தெரியும்.

அம்மா, நாங்கள் தயார். ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, இரண்டு விசில்.