புஷ்பவல்லியின் பெயரில் எழுதப்பட்ட பிழை

இந்த இரங்கல் கூட்ட மேடையில் வீற்றிருக்கும் தலைவர் திருமதி அமுதவள்ளி அவர்களே, மனைவி புஷ்பவல்லியைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் லோகன் அவர்களே, கிள்ளானிலிருந்தும் சாலாக் செலாத்தானிலிருந்தும் வந்து கூடியிருக்கும் மாணவர்களே, தொழிலாளத் தோழர்களே! கனத்த நெஞ்சோடு உங்கள் முன் நிற்கிறேன்.

நான் திருச்செல்வம். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு ஜப்பானியத் தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு மேற்பார்வையாளராக இருந்தவன். மொழிபெயர்ப்பாளர் புஷ்பவல்லி அம்மையாரோடு பதினான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவன்.

ஆங்கிலத்தில் நாம் அன்றாடம் பேசுவதை ஒரு ஜப்பானியர் எப்படிச் சொல்வார்? இதுதான் அவருடைய வாழ்நாள் கேள்வி! வேலை முடிந்ததும் ‘பை’ சொல்வதாக நினைத்து, நம் பிள்ளைகள் தினமும் மேலாளரிடம் ‘சயோனாரா’ என்பார்கள். எல்லாரும் வேலையை விட்டே போகிறார்களோ என்று அந்த மனிதர் திருதிருவென முழிப்பார். ‘ஒத்சுகாரேசமா’ சொல்லுங்கள், அது உழைத்துக் களைத்தவரை மதித்துச் சொல்வது என்று திருத்தியவர் யார்? புஷ்பவல்லி! எந்தச் சொல்லையும் ஒரு ஜப்பானியர் வாயால் கேட்ட பிறகுதான் தம் நோட்டில் எழுதுவார். “புக்குல இருக்கு அண்ணே, ஆனா யாரும் அப்படிப் பேச மாட்டாங்க லா” என்பார்.

அப்படிப்பட்டவர் செய்த மொழிபெயர்ப்புப் பிழையால் ஒரு தொழிலாளியின் கை போனது என்று விசாரணை அறிக்கை சொன்னது. அதனால்தான் அவர் வேலை போனது. நீங்கள் எல்லாரும் அதை நம்பினீர்கள். இன்று அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

தகடு அழுத்தும் பிரஸ் மெஷினின் பாதுகாப்புத் தடுப்பு ஆடிக்கொண்டிருந்தது. ஜப்பானிய மேலாளருக்கு மொழிபெயர்த்துக் கொடுக்கச் சொல்லி, ‘தயவுசெய்து கவனிக்கவும்’ என்று ஆங்கிலத்தில் எழுதிப் புஷ்பவல்லிக்கு அனுப்பினேன். காகிதத்தோடு அவர் என்னிடமே இறங்கி வந்தார்.

“அண்ணே, இதைப் பணிவா சொன்னா, நேரம் கிடைக்கும்போது பார்ப்பாங்க. ஆபத்து, நிறுத்துங்கன்னு சொன்னா மெஷின் இன்னைக்கே நிக்கும். உங்க மனசுல எது?”

என் மனத்தில் எது? என் மனத்தில் பதவி உயர்வுதான் இருந்தது, தோழர்களே! அந்த மாதப் பட்டியலில் என் பெயர் இருந்தது; என் பொறுப்பில் உள்ள மெஷின் நின்றால் அது அடிபட்டுவிடும் என்று பயந்தேன்.

“பணிவாவே போடும்மா.”

“யாருக்காவது கை போயிடும் அண்ணே.”

“நான் சொல்றதை எழுது லா.”

எழுதினார். ஒன்பதாம் நாள் அந்த மெஷினில் வேலை பார்த்த சிவநேசனின் வலது கை போனது.

ஆபத்தை அவரே மென்மையாக்கி எழுதிவிட்டார் என்று விசாரணையில் சொன்னபோது நான் வாய் திறந்தேனா? இல்லை! அவர் என்னைக் காட்டிக் கொடுத்தாரா? அதுவும் இல்லை! பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையின் மாடியில் ஜப்பானிய மொழி வகுப்பு எடுத்தே மீதி நாளைக் கழித்தார். போன மாதம் மருத்துவமனையில் பார்த்தேன். பாதி உடம்பாகியிருந்தார்.

“நானும் எழுதினேன்ல அண்ணே, எனக்கும் பங்கு இருக்கு. ஆனா நீங்களே ஒரு நாள் சொல்லுவீங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்” என்றார். அப்போதும் நான் பேசாமல்தான் எழுந்து வந்தேன். எவ்வளவு கேவலமான மனிதன் நான்!

நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். தலைவர் அவர்களே, இதோ, பெற்றுக்கொள்ளுங்கள். நாளைக் காலை நானே தொழிற்சாலைக்கும் ஒரு நகல் கொண்டு போகிறேன். அம்மையாரின் வகுப்பு வரும் சனிக்கிழமை வழக்கம்போல நடக்கும். மூத்த மாணவி உஷாராணி பொறுப்பேற்கிறார். அவர் கேட்டுக் கேட்டு எழுதிய அந்தச் சொல் நோட்டை அச்சிடும் வரை நாம் ஓய மாட்டோம். இது இந்தச் சபையின் உறுதிமொழியாகட்டும்!

சிவநேசா, மூன்றாம் வரிசையில் இருக்கிறாய். எட்டு வருஷமாக அவரைத் திட்டியிருக்கிறாய். ஆனாலும் சாவுக்கு வந்திருக்கிறாய். உன்னிடம் மன்னிப்புக் கேட்கும் தகுதி எனக்கில்லை. இந்த மேடைக்கு வந்து அவருக்காக ஒரே ஒரு நல்ல வார்த்தை சொல்லப்பா. என்னைத் திட்ட வேண்டியதை வெளியே வந்து திட்டு. வாசலில் நிற்கிறேன்.