கரையிலிருந்த கப்பலும் கால் ஏறாத செருப்பும்

விழாத் தலைவர் ஜம்புலிங்கம் ஐயா அவர்களே, முன்வரிசையிலே வீற்றிருக்கும் பெரியோர்களே, கூழ் ஊத்தின களைப்போடு குந்தியிருக்கும் தாய்மார்களே, ஷாப்புல என்னோட ஷூ தைக்கும் தங்கச்சிகளே, எல்லாருக்கும் கெங்கம்மாளோட கும்பிடு.

ரொம்ப நேரம் நிக்க முடியாதுங்க. கால் கடுக்குது. நாலு வருஷமா வெறுங்கால். அக்கா செத்தப்புறம் நான் வளத்த புள்ள லோகநாதன் நேவில சேந்தான். "அவன் கப்பல் கரை சேர்ற வரைக்கும் செருப்பு போட மாட்டேன் தாயே"ன்னு அம்மன்கிட்ட வேண்டிக்கினேன். சொன்னா பலிக்காதுன்னு அவன்கிட்ட மூச்சு விடல. லீவுல அவன்தான் ரயில்ல வரான், கப்பல் இன்னும் கடல்லதானே சுத்துதுன்னு நெனச்சி, "கால்ல புண்ணுடா"ன்னு சமாளிப்பேன். ஊருக்கே ஷூ தைக்கிறவ, ஆம்பூர் வெயில்ல தார் ரோட்டுல தவ்வித் தவ்வி நடந்தேன்!

போன வாரம் வந்தவன் விடாம கேட்டான். சொல்லிட்டேன். தலைல கை வெச்சி குந்திட்டான். "சின்னம்மா, என் கப்பல் கரையிலதான் கட்டி நிக்குது. நாலு வருஷமா நகரவே இல்ல!"

சிரிங்க, சிரிங்க. பூவம்மா, போதும்டி. பக்கத்து மிஷின் ஹலீமா பீயும்தான் கேட்டாங்க, "இன்னா கெங்கம்மா, நடந்ததெல்லாம் வீணா?"ன்னு.

"நகராத கப்பல் எதுக்குடா?"ன்னேன். அது தாய்க் கப்பலாம். நீர்மூழ்கியில நாள்கணக்கா அடைஞ்சி கெடந்து வர்ற புள்ளைங்களுக்கு வெந்நீர் யாரு குடுப்பா? தாய்க் கப்பல்! சுடுசோறு யாரு போடுவா? தாய்க் கப்பல்! பேட்டரிக்கு சார்ஜ் ஏத்தி, பழுது பாத்து அனுப்பறது யாரு? அதே தாய்க் கப்பல்! முக்குளிச்சி சண்டை போடற ஜவானுங்களுக்கும் அதுதான் வீடு. நீர்மூழ்கிப் புள்ளைங்க, நம்ம ஊரு தோல் ஊறவெக்கிற சுண்ணாம்புக் குழி ஆளுங்க மாதிரி நாறிக்கினு வருவாங்களாம். இவன்தான் குளிக்க வெந்நீர் எடுத்து வெப்பானாம்.

வேண்டுதல் முடிஞ்சிதுன்னு தலைவரு இதோ புதுச் செருப்பு குடுக்கறாரு. ஆசையாத்தான் இருக்குது. ஆனா நேத்து கப்பல்லேர்ந்து தந்தி வந்துது, சாப்பாட்டுல பாதியில எழுந்தான் பாவி. "இன்னாடா?"

"ஒரு நீர்மூழ்கி இன்னும் வரல சின்னம்மா. எழுபது பேரு. நான் போறேன்."

ரெண்டு நாள் லீவு மிச்சம் இருந்துது. காட்பாடியில ரயில் ஏத்திட்டு வந்தேன்.

தாய்மாரே, அவன் கப்பல் கரையிலதான் இருக்குது. அவன் யாருக்காக வெந்நீர் வெச்சிக் காத்திருக்கானோ, அந்த எழுபது புள்ளைங்க? அவங்க கரைக்கு வந்தாங்களா? அவங்க வராம நான் எப்படி இதுல கால வைப்பேன்?

தோலாச்சே, அம்மன் சந்நிதியில வைக்கக் கூடாது. ஹலீமா பீ, உங்க பையில வெச்சிக்கோங்க. வந்துட்டாங்கன்னு தந்தி வந்தா, ஷாப்பு வாசலுக்கே எடுத்துக்கினு வாங்க.

பொறுமையா கேட்டவங்களுக்கு நன்றி. அம்மன் எல்லாரையும் காப்பாத்தட்டும். வணக்கம். எறங்கறேன், யாராச்சும் கை குடுங்கம்மா.